தகட்டில் வைத்த பொட்டு

ஆறு தகடுகள். ஒவ்வொன்றும் ஒரு முழம் நீளம், ஒரு முழம் அகலம். எண்ணிக்கையில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆறையும் நான் தொட்டிருக்கிறேன். மற்ற விவரங்கள் ஒரு நாள், அரை நாள் முன்பின்னாக இருக்கலாம். இத்தனை வருடமாக நாள் தவறாமல் டைரி எழுதுகிறவள் நான். பால்காரர் வராத நாளைக்கூடக் குறித்து வைத்திருக்கிறேன். இதை மட்டும் எந்த டைரியிலும் எழுதியதில்லை.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. வில்லியனூரிலிருந்து அரியூர் போகும் சாலையை விட்டுச் சற்று உள்ளே, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையில் அப்பா வேலை பார்த்தார். ஊரில் அதைப் பீங்கான் கம்பெனி என்பார்கள். பெயர்தான் அப்படி, அங்கே பீங்கான் எதுவும் செய்யவில்லை. இரும்புத் தகட்டின் மேல் பீங்கான் மாதிரியான பூச்சு ஏற்றினார்கள். கண்ணாடி மாவைத் தண்ணீரில் மோர்ப் பதமாகக் கரைத்து, தகட்டின் மேல் பீய்ச்சி, காயவைத்து உலையில் சிவக்கச் சுட்டால், ஆறிய பிறகு கருநீலமாகப் பளபளக்கும். ஆசிட் வைக்கும் தொட்டிகளின் உள்பக்கத்தில் அந்தத் தகடுகளைப் பதிப்பார்கள். ஆசிட் இரும்பைத் தின்னாமல் பூச்சு காப்பாற்றும்.

ஆனால் வேலையில் பாதிக்கு மேல் பூசுவதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். முதலில் தகட்டைக் கொதிக்கும் காரத் தண்ணீரில் முக்கி எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். அலசிய பின் ஒரு மக் தண்ணீரை அதன் மேல் ஊற்றிப் பார்க்க வேண்டும். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் தகடு சுத்தம். எங்காவது முத்து முத்தாகத் திரண்டு ஒதுங்கினால் அந்த இடத்தில் இன்னும் பிசுக்கு இருக்கிறது, மறுபடியும் தொட்டியில் போட வேண்டும். பிறகு, காய்ந்த தகட்டின் மேல் இரும்புக் குருணையைக் காற்றின் வேகத்தில் அடிப்பார்கள். பளபளப்பெல்லாம் போய்த் தகடு உப்புத்தாள் போலச் சொரசொரவென்று சாம்பல் நிறமாகிவிடும். அந்தச் சொரசொரப்பில்தான் பூச்சு பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் தகட்டை வெறுங்கையால் தொடக் கூடாது. விரல் நுனியில் இருக்கிற எண்ணெயே போதும், உலையில் அது புகைந்து பூச்சைக் கீழிருந்து தூக்கிவிடும். நான்கு மணி நேரத்துக்குள் பூசியும் ஆக வேண்டும். எங்கள் ஊர் ஈரக் காற்றில் அதற்கு மேல் வைத்தால் துரு பூத்துவிடும்.

இந்தத் தயார் வேலை முழுவதும் அப்பாவின் பொறுப்பு. தகடுகளைக் கழுவ இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் அத்தை, அப்பாவின் தங்கை.

அத்தை அதற்கு முந்தின வருடம்தான் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு நாள் காலை நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது, புருஷன் ஊரான கரியமாணிக்கத்திலிருந்து ஒற்றைப் பையோடு வந்து இறங்கினாள். இடது மணிக்கட்டில் பழைய புடவைத் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தது. கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அம்மா என்னிடம் சொன்னாள். அதற்குப் பிறகு மாமா, அதாவது அத்தையின் புருஷன், இரண்டு முறை ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு முறையும் அத்தை உள் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றபடி ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

“நான் வேலைக்குப் போறேன். எனக்கு இன்னா கொறச்சல்? இங்கியே இருந்துக்கறேன்.”

வேலைக்குப் போகிறேன் என்பதற்கு அந்தப் பெரியவர்களிடம் மறுபேச்சு இருக்கவில்லை. காபி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

எங்கள் வீட்டில் இருந்தது ஒரு அறையும் ஒரு சமையல்கட்டும். அம்மா கெட்டவள் இல்லை. இருந்தாலும் பாத்திரம் வைக்கிற சத்தத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பாள். அத்தைக்கு அது கேட்கும். வில்லியனூரில் வாடகைக்கு ஒற்றை அறை ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாக அவள் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். கழுவும் வேலை நிரந்தரமானது இல்லை. தயார் வேலை முழுவதும் கைக்கு வந்தால்தான் அங்கே தனியாகப் போக முடியும்.

அந்த வருடம் புரட்டாசியில் அதற்கு வழி பிறந்தது. அப்பாவை உலைக்கு மாற்ற முதலாளி யோசித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் இடத்துக்கு வெளியாள் பார்க்கலாம் என்றபோது, அத்தை நேராக அவர் எதிரில் போய் நின்று, தன்னிடம் தரச் சொல்லிக் கேட்டாளாம். முதலாளி சிரித்துவிட்டு, பிறகு யோசித்துவிட்டுச் சொன்னது இது:

“ஆறு தகடு தர்றேன். கழுவறதுலேந்து குருணை அடிக்கிற வரைக்கும் நீயே செய். யாரும் கை வெக்கக் கூடாது. ஆயுத பூசை அன்னிக்குச் சாயங்காலம் ஒலையிலேந்து ஒழுங்கா வந்துச்சுன்னா செக்‌ஷன் உன்னுது.”

ஆயுத பூசை அன்று காலை எட்டு மணிக்கு அப்பா என்னையும் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போனார். கம்பெனியில் மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைக்கிற வேலை எனக்கு. முந்தின வருடம் நான் வைத்ததைப் பார்த்துவிட்டு முதலாளியே கேட்டிருந்தார். மற்றவர்கள் சந்தனத்தை இழுத்துப் பூசி, அதன் நடுவில் குங்குமத்தை அப்பிவிடுவார்கள். நான் அப்படிச் செய்ய மாட்டேன். கீழ் வலது மூலையிலிருந்து நான்கு விரல் தள்ளி, மோதிர விரலால் வட்டமாகச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். கதவு, சுவிட்ச் பலகை, தராசு, அலமாரி எல்லாவற்றிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

நாங்கள் போனபோது அத்தை குருணை அடிக்கும் உடுப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். தடித்த கித்தான் அங்கி, தலையில் கண்ணாடி வைத்த பெரிய மூடி. பூச்சு பீய்ச்சுகிற அண்ணன் வாசலில் தோரணம் கட்டிக்கொண்டே கேட்டார்.

“இன்னாக்கா, நெலாவுக்குக் கெளம்பிட்டியா?”

“ஆமாண்டா, ஒன்ன அங்க வுட்டுட்டு வரத்தான்.”

“திரும்பி வர பஸ்சு உண்டாக்கா?”

“ஒனக்கு இல்ல.”

மூடிக்குள்ளிருந்து வந்த அவள் குரல் குடத்துக்குள் பேசுவது போலிருந்தது. அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அந்தக் கொட்டகையில் அன்றைக்கு அவர் சிரித்தது அப்போதுதான்.

பதினொன்றரை மணிக்கு ஆறு தகடுகளும் தயாராயின. வெள்ளைக் கையுறையோடு அத்தை ஒவ்வொன்றாக விளிம்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், பக்கத்து அறையில் மரச் சட்டத்தில் நிமிர்த்தி வைத்தாள். ஈரம் தாக்காமல் இருக்க அங்கே நான்கு பெரிய பல்புகள் எரிந்துகொண்டிருந்தன. நான் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தேன்.

“உள்ள வராதடி. மூச்சுகூட வுடாத.”

“தொட மாட்டேன் அத்த.”

“தெரியும். நீதான் எங்க வூட்டுலயே புத்திசாலி.”

ஒன்றரை மணிக்குப் பூச்சு ஏற்ற வேண்டும். அப்பா வந்து அத்தையைச் சாப்பிடப் போகச் சொன்னார். அவளுக்குப் போக மனமில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை என்று அப்பா சத்தம் போட்டார். “நான் இங்கதான இருக்கேன். பாத்துக்க மாட்டனா?” என்றார். அத்தை கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனாள். அப்பா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வாழைக்கன்று வந்துவிட்டது, கேட்டில் கட்ட ஆள் வேண்டும் என்று வெளியிலிருந்து கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போனார்.

நான் சந்தனக் கிண்ணத்தோடு அந்தப் பக்கம் வந்தேன். அந்தக் கதவுக்குப் பொட்டு வைத்தேன். வைக்கும்போது கதவு தானாக உள்ளே திறந்துகொண்டது.

ஆறு தகடுகளும் வரிசையாக நின்றன. அந்தக் கொட்டகையில் உடைந்த முறத்துக்கும் பழைய சைக்கிள் ட்யூப் தொங்கிய ஆணிக்கும்கூடப் பொட்டு வைத்தாகிவிட்டது. அத்தையின் தகடுகளுக்கு மட்டும் இல்லை. அது எனக்குச் சரியாகப் படவில்லை. பூசை அன்று பொட்டு இல்லாமல் விட்ட பொருளைச் சாமி எப்படிப் பார்க்கும்? எல்லாவற்றையும்விட இதற்குத்தானே சாமி வேண்டும்? தொடக் கூடாது என்பது எனக்கு நினைவில்லாமல் இல்லை. பொட்டு வைப்பது தொடுவதில் சேராது என்று நினைத்தேன். பொட்டு வைக்கிறபோது யாராவது சாமி சிலையைத் தொட்டுவிட்டதாகச் சொல்வார்களா?

கீழ் வலது மூலையிலிருந்து நான்கு விரலை வைத்து அளந்து, ஆறுக்கும் வைத்தேன். தள்ளி நின்று பார்த்தேன். நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசை. அப்போதுதான் சந்தனத்தின் ஓரத்தில் ஈரம் அந்தச் சாம்பல் நிறத்துக்குள் ஊறிப் பரவுவது தெரிந்தது. உடனே பாவாடை நுனியைக் குழாயில் நனைத்துக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகத் துடைத்தேன். மஞ்சளும் சிவப்பும் போயின. வாயால் ஊதினேன். பல்புச் சூட்டில் ஈரமும் காய்ந்தது. கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். சற்று நேரத்தில் அத்தை திரும்பி வந்து, வேகவேகமாகச் சாப்பிட்ட விக்கலோடு, கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

ஒன்றரைக்குப் பூசினார்கள். மூன்று மணிக்கு உலையில் ஏற்றினார்கள். ஐந்துக்கெல்லாம் ஆறு தகடுகளும் வெளியே வந்து சட்டத்தில் ஆறிக்கொண்டிருந்தன. கருநீலம். முதலாளி தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அத்தை முகம் கழுவி, பையில் கொண்டு வந்திருந்த வேறு புடவையை உடுத்திக்கொண்டு, பூசைக்கு முன் வரிசையில் வந்து நின்றாள். பெண்கள் பின்னால்தான் நிற்பார்கள். அன்று அவளை யாரும் பின்னால் போகச் சொல்லவில்லை.

ஆறு மணிக்கு முதலாளி கற்பூரம் ஏற்றினார். மணி அடித்து ஓய்ந்த இடைவெளியில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். கண்ணாடி வளையல் உடைகிற மாதிரி, அதைவிடச் சின்னதாக. சிறிது விட்டு இன்னொன்று. பிறகு அடுத்தடுத்து நான்கு. வேலை தெரிந்தவர்கள் எல்லோரும் கற்பூரத்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஆறுகிற தகட்டிலிருந்து பூச்சு தெறிக்கிற சத்தம் அவர்களுக்குத் தெரியும். அத்தை மட்டும் திரும்பவில்லை. கைகூப்பியபடி நின்றாள்.

ஆரத்தி முடிந்ததும் முதலாளி ஆறு தகடுகளையும் மேசையில் வரிசையாக வைக்கச் சொன்னார். ஒவ்வொன்றிலும் ஒரு பழைய காலணா அளவுக்குப் பூச்சு பெயர்ந்து, கறுத்த இரும்பு தெரிந்தது. மற்ற இடமெல்லாம் மாசு மருவில்லை.

“எண்ணெக் கை பட்டிருக்கு,” என்றார் பூச்சு பீய்ச்சுகிற அண்ணன். காலையில் கேலி செய்தவர் இப்போது தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“நான் கையொற போட்டுத்தான் எடுத்தேன்,” என்றாள் அத்தை. “தண்ணி ஊத்திப் பாத்தேன். ஒரு முத்து நிக்கல.”

“தலையில எண்ணெ தடவிக்கினு வர்றீங்க,” என்றார் முதலாளி. கோபமாகச் சொல்லவில்லை. அலுத்துக்கொள்கிற குரல்தான். “நான் அப்பவே யோசிச்சேன்.”

அப்பா ஒரு தகட்டைத் தன் பக்கம் இழுத்தார். மூலைக்கும் அந்தக் குழிக்கும் இடையில் தன் விரல்களை வைத்தார். என் நான்கு விரல் அளவுக்கு அவருக்கு மூன்று விரல்தான் பிடித்தது. அடுத்த தகட்டிலும் வைத்துப் பார்த்தார். மூன்றுதான். நிமிர்ந்தார். எதிரில் சுவிட்ச் பலகை இருந்தது. அதற்குப் பக்கத்தில் தராசு, அலமாரி, கதவு. எல்லாவற்றிலும் கீழ் வலது மூலையில் என் பொட்டுகள் ஒரே அளவில் இருந்தன. அன்றைக்கு நான் வைத்தவை நாற்பதுக்கு மேல். நான் அந்தச் சந்தனக் கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா தகட்டைத் தள்ளி வைத்தார்.

“சாப்புடப் போற அவசரத்துல கையொறய கழட்டிட்டுத் தொட்டிருப்பா,” என்றார்.

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அவர் கண் போயிருந்த சுவிட்ச் பலகையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் பாவாடை நுனி இன்னும் மஞ்சளாக இருந்திருக்க வேண்டும்.

“இருக்கும்ணா,” என்றாள். “நெனப்பில்லாம தொட்டிருப்பேன்.”

இப்போது வாயைத் திறக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. தெரியாத வயது என்று பிற்பாடு பல தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பொய். வார்த்தைகள்கூடத் தயாராக இருந்தன. யாரோ என் கையில் பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். நான் சாப்பிட ஆரம்பித்தேன்.

“சரி, வுடு,” என்றார் முதலாளி. “தயார் வேலைய உங்கண்ணனே பாத்துக்கட்டும். நீ முடிஞ்சா வெளிய பெருக்கிக் குடு.”

வீட்டுக்குத் திரும்பும்போது நான் சைக்கிளின் முன் கம்பியில் உட்கார்ந்திருந்தேன். அத்தை பின்னால் நடந்து வருவதாகச் சொல்லிவிட்டாள். ரயில்வே கேட் திறந்துதான் இருந்தது. இருந்தும் அப்பா அங்கே சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“நீ அந்த ரூமுக்குள்ளலாம் போவல இல்ல?”

“போவலப்பா.”

“அதான்,” என்றார். பிறகு பெடலை மிதித்தார். அதற்கு மேல் எதுவும் கேட்காததால் நான் தப்பித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் அவர் எந்தப் பதிலுக்காக வேண்டிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது எட்டவில்லை. கதவருகே இருந்த ஸ்டூலை விட்டு எழுந்து போனவர் அவர். பிள்ளையைக் கொட்டகைக்குள் கூட்டி வந்தவரும் அவர். எங்கள் வீட்டு அடுப்பு அவருடைய அந்த ஒரு வேலையில் எரிந்தது. இதையெல்லாம் அத்தை அந்த மேசைக்கு முன்னால் ஒரு நிமிடத்துக்குள் கணக்குப் போட்டுவிட்டாள் என்பதும் எட்டவில்லை.

அத்தை பத்து நாள் போல முற்றம் பெருக்கினாள். கழுவும் தொட்டிப் பக்கம் அவளை விடவில்லை. ஐப்பசி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா மூன்றாவது முறையாக வந்தார். பெரியவர்களில் ஒருவர், பெருக்குகிற வேலைக்காகவா குடும்பத்தை விட்டு இருக்கிறாய் என்று கேட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வரவில்லை. அப்பா ஏதாவது சொல்வார் என்று அம்மாவே எதிர்பார்த்தாள் போலிருக்கிறது, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பெரியவருக்கு வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்தார்.

மாமா எனக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம் வாங்கி வந்திருந்தார். மல்லிகைப் பூவும் கொண்டு வந்திருந்தார். அத்தை பூ வைத்துக்கொண்டதைப் பார்த்து எனக்கு மனசு லேசானது. அவளுக்கு அவள் வீடு கிடைத்துவிட்டது, வாடகை அறை இனித் தேவையில்லை, நான் செய்தது யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாமல் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். பிஸ்கட்டைப் பிரித்துத் தின்றுகொண்டேதான் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன்.

அப்பா இப்போது இல்லை. அவரிடம் நான் கேட்டதில்லை. அத்தை இருக்கிறாள். பொங்கலுக்குப் போய்ப் பார்ப்பேன். இப்போது அவளுடைய வலது மணிக்கட்டும் முழுதாகத் திரும்பாது, சோற்றைப் பிசைய இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொள்வாள். அதுவும் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததுதானாம். என் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்பாள். தகடுகளைப் பற்றி அவளும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. ஒவ்வொரு முறையும் பேசிவிட வேண்டும் என்றுதான் போகிறேன். ஒவ்வொரு முறையும் அவள் ‘சாப்டு’ என்கிறாள், நானும் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

அன்று பஸ் மூன்றே முக்காலுக்கு வந்தது. மாமா முன்னால் ஏறினார். அப்பா பையை ஏற்றிக் கொடுத்தார். அத்தை இடது பக்கம் ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்தாள். நான் கீழே நின்று கையாட்டினேன். அவள் பதிலுக்குக் கையாட்டவில்லை. முன் சீட்டின் கம்பியை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பஸ் குலுங்கும், அதனால் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். டிரைவர் அப்போது எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.